தரைக்குள் இறங்கிய கோடு: ஒரு தொழிற்கூடக் கூரையில் வீழ்ச்சித் தடுப்பு அமைத்த அனுபவம்

எங்கள் தொழிற்கூடத்தின் கூரையில் 18 வெளிச்ச ஷீட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. 30 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட இருபுறச் சரிவுக் கூரை அது. இறவாரம் தரையிலிருந்து 5.5 மீட்டர் உயரத்திலும் முகடு 7 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இரும்புத் தகடுகளுக்கு நடுவே, பகல் வெளிச்சம் உள்ளே இறங்குவதற்காக, சரிவுக்கு 9 வீதம் ஃபைபர் ஷீட்டுகளைப் பதித்திருந்தார்கள். பல ஆண்டுகள் வெயிலில் கிடந்து அவை மஞ்சளித்து, மேற்பரப்பில் இழைகள் எழுந்து, சில இடங்களில் விரலால் அழுத்தினாலே நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தன. பராமரிப்பு என் பொறுப்பில் இருப்பதால், ஷீட்டுகளை மாற்றும் வேலையோடு அதைச் செய்யப் போகிறவர்கள் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் என்னிடம் வந்தது.

கூரை மேஸ்திரியின் கணக்கில் இது மூன்று நாள் வேலை. எங்களுக்கு 16 நாட்கள் ஆயின. அவற்றில் 11 நாட்கள் ஒரு ஷீட்டைக்கூடக் கழற்றாமல் ஏற்பாடுகளிலேயே கழிந்தன. அந்த 11 நாட்களில் என்ன செய்தோம், எதைக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் பெரும்பாலும் இங்கே எழுதுகிறேன். ஷீட் மாற்றுவது எப்படி என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் இடத்தில் பணியாற்றிய காலத்தில், இதே போன்ற வெளிச்ச ஷீட்டின் மீது கால் வைத்த ஒருவர் உள்ளே விழுந்ததை நேரில் பார்த்தவன் நான். கூரைக்கு வண்ணம் அடித்தவர்கள் அந்த ஷீட்டின் மேலும் சேர்த்தே அடித்திருந்ததால், மேலே நிற்பவருக்கு எது இரும்பு, எது ஃபைபர் என்று தெரிய வழியில்லை. அவர் பெல்ட் அணிந்திருந்தார். அந்தப் பெல்ட்டின் கொக்கி அவருடைய தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அந்தக் கூரையில் அதை மாட்டுவதற்கு எதுவுமே இருக்கவில்லை.

முகட்டில் இருந்த பழைய வடம்

எங்கள் கூரையில் மாட்டுவதற்கு ஒன்று இருந்தது. முகட்டின் நெடுக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, 8 மி.மீ. எஃகுக் கம்பிவடம் ஒன்று எப்போதோ இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அதில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். நீளும் கையின் நுனியில் ஆள் நிற்கும் கூடை கொண்ட வண்டியான பூம் லிஃப்டின் கூடையில் நின்று வடத்தின் முனையை அருகில் பார்த்தபோது எனக்கு உடல் சில்லிட்டது.

வடத்தின் முனையை மடித்து மூன்று புல்டாக் கிளிப்புகளால் இறுக்கியிருந்தார்கள். இந்தக் கிளிப்பில் ஒருபுறம் யு வடிவக் கம்பியும் மறுபுறம் பள்ளம் வெட்டிய வார்ப்புக் கட்டையும் இருக்கும். பளுவைத் தாங்கும் நீண்ட வடம் கட்டையின் பள்ளத்தில் படிய வேண்டும். மடித்துத் திருப்பிய குட்டை முனையின் மீதுதான் யு கம்பி அழுந்த வேண்டும், ஏனென்றால் யு கம்பி தான் அழுத்தும் இடத்தில் இழைகளை நசுக்கிவிடும். இங்கே மூன்றில் இரண்டு கிளிப்புகள் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தன. யு கம்பி அழுந்திய இடத்தில் வடம் தட்டையாகி, வெளி இழைகள் நான்கு அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தன; அந்தப் பிளவுகளில் இறங்கிய துரு, விரலால் தேய்த்தபோது செம்பொடியாக உதிர்ந்தது. வளையத்துக்குள், வடம் கூர்மையாக மடங்காமல் தாங்கும் திம்பிள் என்ற உலோக வளைவு இல்லாததால், வடம் கூர்மையாக மடிந்து கண்ணி போலாகிவிட்டிருந்தது. மறுமுனை, காற்றுப்போக்கிக் குழாய் ஒன்றின் கழுத்தில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் குழாயைக் கையால் ஆட்டினால் ஆடியது.

கட்டுமானம் ஒருபுறம் இருக்க, அந்த வடத்தை அவ்வளவு இறுக்கமாக இழுத்திருந்ததே பெரிய பிழை. இறுக்கமாக இருந்தால் வலுவாக இருக்கும் என்று நம் மனம் சொல்லும். ஆனால் ஒருவர் வடத்தின் நடுவில் விழுந்து தொங்கும்போது, இருபுறமும் உள்ள வடம் கிடைமட்டத்தோடு எவ்வளவு சிறிய கோணத்தை ஆக்குகிறதோ, அவ்வளவு பெரிய இழுவிசை அதில் பிறக்கும். விழும் விசையை அந்தக் கோணத்தின் சைன் மதிப்பின் இருமடங்கால் வகுத்தால் வடத்தில் ஏறும் இழுவிசை கிடைத்துவிடும். விழுபவரிடமிருந்து 6 கிலோநியூட்டன் விசை வருவதாகக் கொண்டால், வடம் 30 பாகை தாழும்போது அதில் 6 கிலோநியூட்டனும், 15 பாகை மட்டுமே தாழும்போது சுமார் 11.6 கிலோநியூட்டனும், 5 பாகையோடு நின்றுவிட்டால் 34 கிலோநியூட்டனுக்கு மேலும் ஏறும். 34 கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ மூன்றரை டன் எடை. சாதாரண 8 மி.மீ. எஃகு வடம் புதிதாக இருக்கும்போதே அதன் முறிவு விசை கிட்டத்தட்ட அவ்வளவுதான். வடம் தாங்கினாலும் அந்தக் குழாய் தாங்காது. அன்று மாலையே வடத்தை அறுத்துக் கீழே இறக்கினோம். அதைப் பார்ப்பவருக்கு அது தரும் நம்பிக்கை, வடமே இல்லாததைவிட ஆபத்தானது.

சுவரில் போட்ட கோடுகள்

மறுநாள் காலை மேஸ்திரி என்னிடம் வந்தார். "நல்ல பெல்ட்டா வாங்கிக் குடுத்து, நல்ல வடமாக் கட்டிட்டாப் போதாதா சார்? இருபது வருசமா அப்படித்தானே ஏறுறோம்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலைச் சொல்வதைவிட அளந்து காட்டுவது நல்லது என்று தோன்றியதால், சாக்குக்கட்டியும் நாடாவும் எடுத்துக்கொண்டு, கைப்பிடி வைத்த நகரும் சாரத்தில் ஏறி, முகப்புச் சுவரின் உட்பக்கம் கூரைச் சரிவின் நடுப்பகுதி வரும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 6.2 மீட்டரில், முதல் கோட்டைப் போட்டேன். ஷீட் மாற்றுபவரின் காலடி மட்டத்தில் லேன்யார்ட், அதாவது உடலில் அணியும் வாரையும் மாட்டும் புள்ளியையும் இணைக்கும் கயிறு, மாட்டப்பட்டிருப்பதாக அந்தக் கோட்டுக்குப் பொருள்.

ஐரோப்பியத் தரமான இஎன் 355 இன்படி, அதிர்ச்சித் தணிப்பானோடு சேர்த்து லேன்யார்டின் நீளம் 2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆகவே முதல் கோட்டிலிருந்து 2 மீட்டர் கீழே இரண்டாவது கோடு. விழும் வேகத்தில் தணிப்பானின் தையல்கள் பிரிந்து அது நீளும். அதே தரம் அதற்கு அனுமதிக்கும் உச்ச அளவு 1.75 மீட்டர். அது மூன்றாவது கோடு. தோளையும் தொடையையும் சுற்றி அணியும் வாரான ஹார்னஸில் லேன்யார்ட் மாட்டும் டி வளையம் முதுகின் மேற்பகுதியில் இருப்பதால், தொங்குபவரின் பாதம் அதற்குக் கீழே இன்னும் ஒன்றரை மீட்டரில் இருக்கும், அது நான்காவது. இவற்றுக்குக் கீழே குறைந்தது 1 மீட்டராவது வெற்றிடம் மிச்சமிருக்க வேண்டும் என்பது நடைமுறை. எல்லாம் சேர்ந்து 6.25 மீட்டர்.

ஐந்தாவது கோட்டைப் போடச் சுவரில் இடமில்லை. அது தரைக்குள் 5 செ.மீ. இறங்கிவிட்டது. பாதம் வரும் நான்காவது கோடோ தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் இருந்தது, அந்தச் சுவரை ஒட்டி நிற்கும் கடைசல் இயந்திரத்தின் தலை 1.9 மீட்டர் உயரம். மேஸ்திரி கோட்டையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப பெல்ட் பிடிக்கிறதுக்கு முன்னாடி மெஷின் பிடிச்சிடும்" என்றார். கிடைமட்ட வடத்தில் மாட்டினால் அந்த வடம் தாழும் அளவும் இதோடு சேரும் என்பதை நான் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

எடை குறைந்தவருக்குத் தணிப்பான் முழுதாக நீளாது என்பதும், மாட்டும் புள்ளியைத் தலைக்கு மேலே கொண்டுபோனால் விழும் தூரம் வெகுவாகக் குறையும் என்பதும் உண்மை. ஆனால் கூரையின் மேல் நிற்பவரின் தலைக்கு மேல் வானம்தான் இருக்கிறது. ஆகவே, ஒருவர் விழுந்த பிறகு தாங்கிப் பிடிக்கும் ஏற்பாட்டை நம்பி இந்தக் கூரையில் யாரையும் ஏற்றக்கூடாது என்று அந்தச் சுவரின் முன்னால் நின்றே முடிவெடுத்தோம். விழவே முடியாதபடி செய்ய வேண்டும்; ஷீட் உடைந்து விழுந்தால், விழும் தூரம் அரை மீட்டருக்குள் அடங்க வேண்டும்.

பாதிக் கூரையில் கால் வைக்கவே இல்லை

வடம், வலை, பெல்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, மேலே ஏறாமலே இதைச் செய்ய முடியுமா என்பது. கட்டடத்தின் ஒரு பக்கம் கெட்டியான கான்கிரீட் தளம் இருந்ததால், அங்கே பூம் லிஃப்டை நிறுத்தி, அதன் கூடையிலிருந்தபடியே அந்தச் சரிவின் 9 ஷீட்டுகளையும் மாற்றிவிடலாம் என்று தெரிந்தது. கூடையில் இருப்பவரும் குட்டையான லேன்யார்டால் கூடைக்குள் உள்ள புள்ளியில் மாட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கினாலும் மேலே லிஃப்டின் கை சவுக்குப்போல உதறும். கூடையின் கம்பியில் ஏறி நிற்கவோ அதிலிருந்து கூரைக்குத் தாவவோ கூடாது. இந்த இரண்டைத் தவிர அந்தப் பக்கத்துக்கு வேறு சிக்கலில்லை. இரண்டே நாளில் வேலை முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லாததே எனக்குப் பெரிய நிம்மதி.

மறுபக்கம் மண் இளகல். அங்கே பூம் லிஃப்ட் நிற்காது. அந்தச் சரிவின் 9 ஷீட்டுகளுக்காகத்தான் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும். அங்கும் மேலே செய்யும் வேலையைக் குறைத்தோம். புது ஷீட்டுகளை அளந்து வெட்டுவது, துளையிடுவது, ரப்பர் வாஷர் கோத்து வைப்பது எல்லாவற்றையும் தரையிலேயே முடித்துவிட்டால், கூரையில் திருகுவது மட்டுமே மிஞ்சும்.

இறவாரத்தின் நெடுக, மண்ணின் மேல் கனமான பலகைகளைப் பரப்பி, குழாய்ச் சாரம் நிறுத்தினோம். அதன் மேல்தட்டில், கூரை விளிம்பிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் ஒரு கைப்பிடிக் குழாயும், நடுவில் ஒன்றும், கீழே 15 செ.மீ. உயரப் பலகையும் வைத்தோம். சரிவில் வழுக்கி வருபவர் நின்று விழுவதில்லை, படுத்த நிலையில் வருகிறார். அப்போது அவரை நிறுத்துவது கீழ்ப்பலகையும் நடுக்குழாயும்தான் என்பதால் அந்த இரண்டையும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ஏறும் ஏணியை, நான்குக்கு ஒன்று என்ற சாய்வில், மேல்தட்டைத் தாண்டி 1 மீட்டர் நீட்டி, தலையிலும் அடியிலும் கட்டினோம்.

வலை

கூரையைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டங்களான டிரஸ்கள் 5 மீட்டர் இடைவெளியில் இருப்பதால் அந்தச் சரிவு ஆறு பகுதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பகுதிக்கும், தகடுகளைத் திருகியிருக்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களுக்குச் சற்றுக் கீழே ஒரு பாதுகாப்பு வலை கட்டினோம். மேலே கட்டும் வலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளி 30 செ.மீ. அளவில் இருந்தால், ஷீட் உடைந்து விழுபவர் வேகம் எடுப்பதற்கு முன்பே வலையில் விழுந்துவிடுவார். ஓரக்கயிறு உள்ள, 10 செ.மீ. கண்ணளவைத் தாண்டாத வலை அது. கட்டும் புள்ளிகளுக்கிடையே 2.5 மீட்டருக்கு மேல் இடைவெளி விடவில்லை. இந்த வகை வலையை ஐரோப்பியத் தரம் குறைந்தது 35 சதுர மீட்டர் பரப்பும் 5 மீட்டர் குறுகிய பக்கமும் உள்ளதாகக் கேட்கிறது. எங்கள் பகுதி 5 மீட்டருக்கு 7.5 மீட்டர் என்பதால் அந்த நிபந்தனைக்குள் அடங்கியது. வலையும் பளு விழும்போது தாழும். அது எவ்வளவு தாழும் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்து, கடைசல் இயந்திரத்தின் தலைக்கு மேல் போதிய இடம் இருப்பதை உறுதிசெய்த பிறகே கட்டினோம். கட்டுபவர்கள் பூம் லிஃப்ட் கூடைக்குள்ளிருந்தே கட்டினார்கள். வலை கட்டப் போய் ஒருவர் விழுந்தால் நாம் செய்தது எல்லாம் வீண்.

வலையைப் பற்றிப் பேசும்போது கோல்டன் கேட் பாலத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1933 முதல் 1937 வரை அது கட்டப்பட்டபோது பாலத்தின் அடியில் விரித்த வலை 19 பேரின் உயிரைக் காத்தது. ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரத்தட்டு அறுந்து அதே வலையின் மீது விழ, வலையும் அதோடு கிழிந்து போய் 10 பேர் மாண்டார்கள். மனிதரைத் தாங்கக் கட்டிய வலை சாமானைத் தாங்கும் இடமாக மாறக்கூடாது என்பதை இதைச் சொல்லித்தான் எங்கள் ஆட்களுக்கு விளக்கினேன். பழைய ஷீட்டின் துண்டு ஒன்று விழுந்தாலும் அதை எடுத்த பிறகே அடுத்த திருகைத் தொட வேண்டும் என்று ஏற்பாடு.

புது வடமும் கட்டுக்கயிறும்

முகட்டில் புதிதாக வடம் கட்டினோம், ஆனால் அதன் வேலை வேறு. விழுந்தவரைத் தாங்குவது அதன் முதல் வேலை அன்று. விளிம்புக்கே போகவிடாமல் நிறுத்துவது. ஒவ்வொரு டிரஸ்ஸின் உச்சியிலும் ஒன்றாக, 5 மீட்டர் இடைவெளியில் ஏழு தாங்கிகளை இறுக்கினோம். வடம் 30 மீட்டர் ஒரே வீச்சாக இல்லாமல் ஆறு சிறு வீச்சுகளாகிவிட்டதால் அது வளையும் அளவு குறைகிறது. முனைகளைக் கிளிப் போட்டு மடிக்காமல், ஆலையிலேயே அழுத்திப் பொருத்தப்பட்ட முனை கொண்ட வடத்தையும், அதோடு வரும் விசைத் தணிப்பானையும் வாங்கினோம். டிரஸ் இந்த விசையைத் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திட்ட பிறகுதான் துளையிடும் கருவியைக் கையில் எடுத்தோம். அதன் பின், சங்கிலியால் இழுக்கும் செயின் பிளாக்கும் விசையை அளக்கும் லோட் செல்லும் வைத்து ஒவ்வொரு தாங்கியையும் 6 கிலோநியூட்டனுக்கு இழுத்து 15 விநாடி நிறுத்திப் பார்த்தோம். ஏழில் ஒன்று, மூன்றாவது தாங்கி, 4 கிலோநியூட்டனிலேயே மெல்ல நகர்ந்தது. பிரித்துப் பார்த்தால், டிரஸ்ஸின் பழைய வண்ணப்பூச்சு உரிந்து தாங்கிக்கும் இரும்புக்கும் நடுவே தட்டாக நின்றிருந்தது. சுரண்டி, மறுபடி இறுக்கி, மறுபடி இழுத்த பிறகு அசையவில்லை. இழுத்துப் பார்க்காமல் விட்டிருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

வடத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு கயிறு, அதில் ஓடும் கயிற்றுப் பிடி, அதிலிருந்து ஹார்னஸ். முகட்டிலிருந்து இறவாரம் வரை சரிவின் நீளம் 7.65 மீட்டர். வடம் அரை மீட்டர் வளையும் என்றும், மனிதர் கையை நீட்டுவார் என்றும் கணக்கில் கொண்டு, கயிற்றில் 6 மீட்டரில் தடை முடிச்சுப் போட்டோம். முகப்பு விளிம்பின் அருகே இது மட்டும் போதாது. அங்கே கயிறு சாய்வாக வரும். கால் வழுக்கினால் ஆள் நேராகக் கீழே வராமல் ஊசல்போல ஆடி முகப்புச் சுவருக்கு வெளியே போய்விடுவார். ஆகவே கடைசி ஷீட்டுக்கு மட்டும், முந்தைய டிரஸ்ஸிலிருந்து இரண்டாவது கயிறு ஒன்றையும் மாட்டி, இரு கயிறுகளுக்கு நடுவில் ஆள் நிற்கும்படி செய்தோம்.

இங்கே நான் செய்த ஒரு தவற்றையும் எழுதிவிட வேண்டும். முதல் நாள் கயிற்றுப் பிடியை நானே கோத்தேன். அது ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கருவி. கருவியின் மேல் பொறித்த அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். நான் தலைகீழாகக் கோத்திருந்தேன். தரையில் நின்று வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது அது கயிற்றில் எண்ணெய் தடவியதுபோல ஓடியது. அன்றிலிருந்து ஏணியில் கால் வைக்கும் முன், ஒவ்வொருவரும் தன்னுடையதையும் பக்கத்தில் இருப்பவருடையதையும் இழுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

ஹார்னஸைக் கையால் படிப்பது

கிடங்கில் ஒன்பது ஹார்னஸ்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் வெயில் வெளிச்சத்தில் மேசை மீது விரித்து, பட்டையை இரு கைகளாலும் பிடித்துத் தலைகீழ் யு போல வளைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தோம். வளைவின் முதுகில்தான் அறுந்த நூல்கள் எழுந்து தெரியும். ஒன்றில், தொடைப்பட்டையின் தையல் நூல் பட்டையின் நிறத்திலேயே வெளுத்துப்போய், நகத்தால் நெம்பியதும் இரண்டு தையல்கள் பொடிந்தன. இன்னொன்றில் வெல்டிங் பொறி பட்டு உருகிய பயறளவு கெட்டி. அதைச் சுற்றி மடக்கினால் பட்டை வெடிக்கிறது. மற்றொன்றின் லேன்யார்டில் தணிப்பானின் உறை கிழிந்து, உள்ளே மடித்துத் தைத்த பட்டை நான்கு விரற்கடை அளவுக்கு ஏற்கெனவே பிரிந்திருந்தது. யாரோ எப்போதோ அதில் ஒருமுறை விழுந்தோ, எதையோ கட்டி இழுத்தோ இருக்கிறார்கள். ஒருமுறை விசை ஏறிய தணிப்பான் மறுமுறை உதவாது. தயாரிப்பு நாள் பொறித்த சீட்டே இல்லாதவை இரண்டு. இந்த ஐந்து போக, மிஞ்சியவை நான்கு. பெட்டியின் அடியில் இடுப்பு பெல்ட் ஒன்றும் கிடைத்தது. விழும்போது முழு விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும் என்பதால், வீழ்ச்சியைத் தாங்க அதைப் பயன்படுத்துவதை அமெரிக்க விதிகள் 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டன. கழித்த அனைத்தையும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினோம். முழுதாகக் குப்பையில் போட்டால் அது வேறொருவரின் உடம்பில் ஏறும்.

வெட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் எடுத்து, 80 கிலோ மணல்மூட்டையில் மாட்டி, கட்டடத்துக்கு வெளியே இருந்த ஓர் உத்தரத்திலிருந்து, சுற்றிலும் ஆட்களை விலக்கிவிட்டு, 2 மீட்டர் விழவிட்டோம். முதல் முறை தணிப்பானோடு. மூட்டை விழுந்து நிற்க முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. தணிப்பான் அரை மீட்டருக்கு மேல் பிரிந்திருந்தது. இரண்டாம் முறை தணிப்பானைக் கழற்றிவிட்டு வெறும் கயிறு. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நான் வேறெதுவும் விளக்கவில்லை. கயிறு அறுபடவில்லை, ஆனால் ஹார்னஸின் தோள்பட்டைத் தையல் பாதி கிழிந்து தொங்கியது. 2 மீட்டர் விழுந்த 80 கிலோ எடையை 10 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்தினால் பதினாறு கிலோநியூட்டனுக்கு மேல் விசை பிறக்கும். அதைத் தையல் தாங்கினாலும் மனித உடல் தாங்காது.

தொங்குபவரை இறக்குவது

விழவே விடமாட்டோம் என்று ஏற்பாடு செய்த பிறகும், விழுந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்தோம். ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குத் தொடைப்பட்டைகள் அழுத்துவதாலும் கால்கள் இயங்காததாலும் இரத்தம் கால்களிலேயே தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். அரை மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். தீயணைப்புத் துறைக்குத் தொலைபேசியில் சொல்வதை மட்டும் மீட்புத் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது என்பது இதனால்தான்.

மணல்மூட்டையை வலையில் போட்டும், கயிற்றில் தொங்கவிட்டும் மூன்று முறை இறக்கிப் பார்த்தோம். முதல் முறை 23 நிமிடம் ஆயிற்று. நகரும் சாரத்தைக் கொண்டுபோகும் வழியில் சரக்குத் தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை நகர்த்தும் வண்டியின் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. தட்டுகளை அகற்றி, தரையில் மஞ்சள் கோடு போட்டு அந்த வழியைக் காலியாகவே வைத்திருந்தோம். மூன்றாம் முறை 7 நிமிடம். ஹார்னஸின் இருபுறமும், தொங்கும்போது பாதத்தை ஊன்றிக்கொள்ள உதவும் வார்களையும் மாட்டினோம். அவற்றை அவிழ்த்துக் காலை நுழைத்து எழுந்து நிற்பதை ஒவ்வொருவரும் தரைக்குச் சற்றே மேலே தொங்கிப் பழகினார்கள். மேஸ்திரிதான் முதலில் தொங்கினார். இரண்டே நிமிடத்தில் தொடை மரத்துப்போனதாகச் சொன்னார்.

வேலை நடந்த மூன்று நாட்கள்

பனி காயும் முன் யாரையும் ஏற்றவில்லை. ஈரமான இரும்புத் தகடு சோப்புத் தடவியதைப்போல வழுக்கும். காலடிகள் திருகு வரிசையின் மேல், அதாவது பர்லின் இருக்கும் கோட்டின் மேல் மட்டும். வெளிச்ச ஷீட்டின் அருகே 3 மீட்டர் நீளப் பலகைகளைக் குறைந்தது மூன்று பர்லின்கள் மீது படியும்படி குறுக்கே போட்டு, அவற்றின் மேல் மண்டியிட்டுத்தான் திருகுகளைக் கழற்றினார்கள். கருவிகள் அனைத்துக்கும் மணிக்கட்டிலிருந்து கயிறு. கீழே, வலை இருந்தாலும், வேலை நடக்கும் பகுதியைக் கயிறு கட்டி மூடி, இயந்திரங்களை நிறுத்தியிருந்தோம்.

இரண்டாம் நாள் நண்பகலில் ஓர் இளைஞர், ஷீட்டுக்கு அடியில் இருந்த பழைய பசையின் தூளில் கால் வைத்து வழுக்கினார். உட்கார்ந்த நிலையில் ஒரு மீட்டருக்கும் குறைவாகச் சறுக்கி, கயிற்றுப் பிடி கவ்வ, சரிவின் நடுவிலேயே நின்றுவிட்டார். இறவாரம் அவருக்கு இன்னும் மூன்று மீட்டர் தள்ளி இருந்தது. அவர் எழுந்து பசைத்தூளைத் துடைக்கத் துணி கேட்டார். நான் அவரைக் கீழே வரச் சொல்லி, அவருடைய ஹார்னஸையும் கயிற்றையும் மறுபடி மேசையில் விரித்துப் பார்த்து, சேதமில்லை என்று உறுதியான பிறகும், அன்றைய பொழுதை அவர் தரையில் கழிக்கட்டும் என்று விட்டேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு அது பரவாயில்லை.

அதே நாளில் ஏழாவது ஷீட், கடைசித் திருகைக் கழற்றும் முன்பே நடுவில் பிளந்து, பாதி வலையில் விழுந்தது. பலகையில் இருந்தவர் அசையவில்லை. துண்டை எடுக்க அரை மணி நேரம் வேலை நின்றது.

புது ஷீட்டுகளைப் பதிக்கும்போது, ஒவ்வொன்றின் அடியிலும் பர்லினிலிருந்து பர்லினுக்கு 4 மி.மீ. பற்றவைத்த கம்பி வலைத்தகட்டைப் போட்டுத் திருகினோம், ஏனென்றால் இந்த ஷீட்டுகளும் ஒரு நாள் வெயிலில் காய்ந்து நொறுங்கத்தான் போகின்றன, அன்று மேலே ஏறுபவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் சிவப்புப் பட்டை அடித்தோம். முகட்டு வடத்துக்கு ஒரே நேரத்தில் இருவர் மட்டும் என்றும், அடுத்த சோதனை நாள் எது என்றும் எழுதிய தகட்டை ஏணி ஏறும் இடத்தில் திருகிவைத்தேன். முகப்புச் சுவரில் போட்ட சாக்குக்கட்டிக் கோடுகளை அழிக்க ஆள் வந்தபோது, மேஸ்திரி அவற்றை வண்ணத்தால் எழுதிவிடலாம் என்றார். நான்கு கோடுகளைச் சுவரிலும், ஐந்தாவதைத் தரையிலும் மஞ்சள் வண்ணத்தில் எழுதினோம்.